ஒரு கை பந்துக்கு, ஒரு கை பாவாடைக்கு

கூடைப்பந்தை ஒற்றைக் கையால் வளையத்துக்குள் போட எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. என் அம்மா தைத்த பாவாடைதான் காரணம். இதைச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு. நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

ஐம்பதுகளின் பின்பகுதியில் நாங்கள் சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவே ஒரு குறுக்குச் சந்தில், கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே ஆணியும் பெயிண்டும் விற்கும் சீனர் கடை. அப்பா துறைமுகத்தில் கிராணி. குமாஸ்தாவை அங்கே அப்படித்தான் சொல்வோம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெயிலோ மழையோ கையில் குடை. சத்தமாக ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. அம்மாவுக்கு அந்தக் குறையே கிடையாது. மாடியில் தையல் மெஷினை மிதித்தபடியே கீழ்க்கடைக்காரரோடு மலாயில் விலை பேசி முடித்துவிடுவாள்.

எங்கள் பின் ஜன்னலைத் திறந்தால் இரும்புக் கடைக்காரர்கள் சங்கத்தின் சிமெண்டுத் திடல் தெரியும். ஒரே ஒரு கம்பம், ஒரே ஒரு வளையம், வலை கிடையாது. மாலையில் கடை ஆட்கள் விளையாட வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் திடல் பெண் பிள்ளைகளுக்கு. கீழ்க்கடைக்காரரின் மகள் சங்கத்தாரோடு சண்டை போட்டு வாங்கிய ஒரு மணி நேரம் அது. அவள்தான் என் தோழி. நாங்கள் இருவரும் பாதி மலாயிலும் பாதி பள்ளிக்கூட ஆங்கிலத்திலும் பேசிக்கொள்வோம். சண்டை வந்தால் மட்டும் அவள் சீனத்தில் திட்டுவாள், நான் தமிழில் திட்டுவேன். யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் கூடைப்பந்து ஆடி நான் பார்த்ததில்லை. பையன்களே கால்பந்தோடு சரி. ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கை அரித்தது. ஒருநாள் கேட்காமலே இறங்கிப் போய்விட்டேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

பாவாடையோடுதான் போனேன். பள்ளியிலிருந்து வந்த உடனே சீருடையைக் கழற்றி மாட்டிவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். இருந்தது இரண்டே சீருடைகள். வீட்டில் பாவாடை சட்டைதான். அந்தப் பாவாடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "வளர்ற பொண்ணு, வளர்ற பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஆறு அங்குலம் கூடுதலாக வெட்டி, அதை மடித்துத் தைப்பாள். நாலு முறை துவைத்ததும் மடிப்புத் தையல் பிரிந்து துணி கீழே இறங்கிவிடும். நான்தான் அதே வேகத்தில் வளரவில்லை.

அன்று முதல் பந்து என்னிடம் வந்ததும் ஆசையாகத் தாவினேன். கால் பாவாடையை மிதித்தது. முகவாய் சிமெண்டில் இடித்து, ரத்தம். மேலே ஜன்னலில் அம்மா. இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடி வந்தவள் முதலில் என் பாவாடையைத்தான் புரட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இங்க ரத்தம் வருது!"

"தாடை தானா ஆறிடும். பாவாடை ஆறுமா?"

இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அம்மா திடலைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு நின்ற என் தோழியைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, "விளையாடணும்னா விளையாடு. ஆனா ஒரு கை எப்பவும் பாவாடையில இருக்கணும். தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஓடணும். கையை எடுத்ததப் பாத்தேன், அன்னிக்கே மேல ஏறி வந்துடணும்" என்றாள்.

சும்மா சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். மறுநாளே தையல் மெஷின் பின் ஜன்னல் ஓரத்துக்கு இடம் மாறிவிட்டது.

அந்தக் காலத்தில் பெண்கள் எல்லோரும் பந்தை இரண்டு கையால்தான் போடுவார்கள். நெஞ்சோடு பிடித்து, முழங்கைகளை விரித்து, முன்னால் தள்ளுவார்கள். ஆண்களிலும் பலர் அப்படித்தான். எனக்கோ ஒரு கைதான் மிச்சம். வரும் பந்தை வலது முன்கையால் மார்போடு அணைத்துப் பிடிப்பேன். பிறகு உள்ளங்கைக்கு ஏற்றி, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எறிவேன். தோல் பந்து, நல்ல கனம். மழையில் நனைந்துவிட்டால் பூசணிக்காயைத் தூக்குவது போல இருக்கும். முதல் மாதம் நான் போட்ட ஒரு பந்தும் வளையத்தைத் தொடவில்லை. "உன் பந்துக்கு வளையம்னா பயம்" என்றாள் தோழி.

எனக்கு ரோஷம் வந்தால் சோறு இறங்காது. எல்லோரும் போன பிறகும் நின்று போட்டுப் போட்டுப் பார்த்தேன். பந்து உள்ளங்கையில் உட்காரக் கூடாது, விரல்களில் நிற்க வேண்டும் என்று தெரிந்தது. முழங்கை பந்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். பலம் கையிலிருந்து வராது, முழங்காலை மடக்கி நிமிர்வதில்தான் வரும். கடைசியில் மணிக்கட்டை மட்டும், கை கழுவியபின் ஈரத்தை உதறுவது போல, ஒரு உதறு. பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே மேலே போய், வளையத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கும். முதல் தடவை அது நடந்தபோது தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா வேறு பக்கம் பார்ப்பது போல நடித்தாள்.

இதில் ஒரு லாபமும் இருந்தது. எல்லோருடைய பந்தும் நெஞ்சிலிருந்து கிளம்புவதால், தடுக்க வருகிறவர்களும் கைகளை நெஞ்சுக்கு நேராக நீட்டியே பழகியிருந்தார்கள். என்னுடையது காதோரத்திலிருந்து கிளம்பி அவர்கள் தலைக்கு மேல் போய்விடும். ஆறு மாதத்தில் அந்தத் திடலில் என்னை யாரும் தடுக்க முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் என் வித்தை எது என்று கூர்ந்து கவனித்துவிட்டு, இடது கையால் தங்கள் கால்சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பந்து போடத் தொடங்கினார்கள். பலம் அங்கேதான் இருக்கிறது என்று அவர்களுக்கு நினைப்பு. நானும் மறுத்துச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் எங்கள் பள்ளியில் கூடைப்பந்து அணி தொடங்கினார்கள். தேர்வன்று சீருடையோடு நின்று, பழக்க தோஷத்தில் இடது கையால் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வரிசையாகப் போட்டேன். விளையாட்டு ஆசிரியை ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இப்போதெல்லாம் இப்படித்தான் ஒற்றைக் கையால் போடுகிறார்கள், பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறேன் என்று பரபரத்தார். உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். விவரமாகச் சொல்ல வெட்கமாக இருந்தது. "என் அம்மா, மிஸ்" என்றேன். அவ்வளவும் பொய்யில்லையே.

அதன் பலன் மூன்றாம் நாள் ஒரு கடிதமாக வீட்டுக்கு வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் படித்தார். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"நீ எப்போ பந்து விளையாடினே?"

"யாரு, நானா?"

"தாயாரின் சிறந்த பயிற்சிக்குப் பள்ளி நன்றி தெரிவிக்கிறதுன்னு எழுதியிருக்காங்க."

அம்மா சிரித்த சிரிப்பில் ஊசி நழுவிக் கீழே விழுந்தது. அப்பா சிரிக்கவில்லை. கடிதத்தின் இரண்டாம் பத்திக்கு வந்துவிட்டார். பள்ளிகளுக்கிடையே போட்டிகள் நடக்கப்போகின்றன, சனிக்கிழமைதோறும் ஆட்டம், அணியின் உடை நீலக் கால்சட்டை, முழங்காலுக்கு மேலே, தந்தையின் கையெழுத்து தேவை.

"சிலுவார் போட்டுக்கிட்டா?" என்றார். கால்சட்டைக்கு மலாய்ச் சொல்லைத்தான் நாங்கள் பேச்சில் சொல்வோம். "அத்தனை ஆம்பளைங்க முன்னால? நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

யார் அந்த நாலு பேர் என்று கேட்டேன். அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று நாள் அது அந்தப் பையிலேயே துறைமுகத்துக்கும் வீட்டுக்கும் போய் வந்தது. மூன்று நாளும் நான் அவரோடு பேசவில்லை. தட்டை நங்கென்று வைப்பது, கதவைப் படாரென்று சாத்துவது என்று என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். நான்காம் நாள் கையெழுத்துப் போட்டார்.

"ஒரே ஒரு ஆட்டம். நானே வந்து பாப்பேன். எனக்குச் சரின்னு படலேன்னா அத்தோட முடிஞ்சுது. அப்புறம் அழக்கூடாது."

என் உயிரே அந்த ஒரு ஆட்டத்தில்தான் இருந்தது. மிகைப்படுத்தவில்லை. பதின்மூன்று வயதில் எனக்குச் சொந்தமென்று ஒரு காரியம் நன்றாகச் செய்யத் தெரிந்தது, அது ஒன்றுதான்.

அடுத்த நாள் பயிற்சிக்குப் பள்ளி தந்த நீலக் கால்சட்டையை முதன்முறையாகப் போட்டுக்கொண்டேன். கச்சிதமாக இருந்தது, காற்று வந்தது, ஓட எளிதாக இருந்தது. ஆனால் ஒரு பந்து விழவில்லை. இடது கைக்குப் பிடிக்க எதுவும் இல்லை. வேலையில்லாத கை சும்மா இருக்குமா? பந்து கிளம்பும் நேரத்தில் தானும் போய் அதைத் தள்ளிவிடும். பந்து பலகையின் ஓரத்தில் பட்டு எங்கேயோ ஓடும். ஒன்று ஆசிரியை மேசையிலிருந்த தேநீர்க் கோப்பையைச் சாய்த்தது. அவர் "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்" என்றார். ரிலாக்ஸாக இருந்ததுதான் சிக்கல். பாவாடை இல்லாததுதான் காரணம் என்று அப்போது எனக்கே புரியவில்லை. வித்தை என்னை விட்டுப் போய்விட்டது என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் இன்னொரு அழுகை காத்திருந்தது. கால்சட்டையைப் பார்த்த அம்மா, "இத்தனூண்டு துணியா? உங்கப்பா பாத்தா ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே எழுந்து போயிடுவாரு" என்று சொல்லி, அதைப் பிரித்துப்போட்டாள். அதே நீலத்தில் துணி வாங்கிவந்து, இரண்டு பக்கமும் பட்டை கொடுத்து, முழங்கால் மறைய நீளமும் கூட்டித் தைத்துவிட்டாள். போட்டுப் பார்த்தேன். தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரரின் அகலக் கால்சட்டை மாதிரி இருந்தது. இதைப் போட்டுக்கொண்டு போக மாட்டேன் என்று குதித்தேன்.

"அப்போ போகாதே லா," என்றாள் அம்மா நிதானமாக, மலாய்க்காரர்கள் போல 'லா' சேர்த்து.

போனேன். மறுநாள் பயிற்சியில் சக ஆட்டக்காரிகள் சிரித்து ஓய்ந்த பிறகு, பந்தை வாங்கி, காதுக்குப் பக்கம் கொண்டுபோனேன். இடது கை கீழே தேடியது. அகலத் துணி கொத்தாகக் கையில் வந்தது. முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. பந்து உள்ளே போனது. அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும் போனது. ஆசிரியை என் கால்சட்டையைக் கண்டிக்க திறந்த வாயை மூடிக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும், "என் பேச்சைக் கேட்டு எது கெட்டுப்போச்சு" என்றாள்.

ஆட்டம் கேலாங் பக்கத்தில் ஒரு உள்ளரங்கத்தில். அம்மா வரவில்லை. "வந்தா நான் கத்திடுவேன், அப்புறம் உங்கப்பா எம்மேல கோவப்படுவாரு" என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை, அங்கிருந்து நேராக வருவதாகச் சொல்லியிருந்தார். அரங்கத்தில் கால் வைக்க இடமில்லை. கடைக்காரர்கள், டிரைஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிகள், கச்சாங் பூத்தே என்ற வறுத்த கடலைப் பொட்டலத்தைக் கொறித்தபடி பள்ளிப் பிள்ளைகள். எதிரணி ஒரு சீனப் பள்ளி. எங்கள் பெற்றோர்கள் கீழே ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே அப்பா இல்லை. தேடினேன். எதிர்ப்பக்கத்தில், மேல் வரிசையில், பனியனும் தோளில் துண்டுமாக இருந்த ஒரு பருமனான சீன முதலாளியின் பக்கத்தில், முழங்கால்களுக்கு நடுவே குடையை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் வேறு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நான் ஆடுகளத்தில் இறங்கியதும் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு வரிசை சிரித்தது. "மாத்தா! மாத்தா!" என்று எவரோ கூவினார். மலாயில் போலீசை அப்படித்தான் சொல்வார்கள். என் காது சூடாகிவிட்டது. அப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து குடைப் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எனக்கு வளையம் தெரியவில்லை, அவர் தலைதான் தெரிந்தது. வந்த இரண்டு வாய்ப்பையும் வீணாக்கினேன்.

இடைவேளையில் என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இது ஒன்றுதான் ஆட்டம். இதையும் அப்பாவின் தலையைப் பார்த்தே தொலைக்கப் போகிறேனா? இனிமேல் அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் பாதியில் என்னைத் தடுக்க ஒரு நெட்டைப் பெண்ணை நிறுத்தினார்கள். அவள் நெஞ்சுக்கு நேராகக் கைகளை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். நான் கால்சட்டையைக் கொத்தாகப் பிடித்து, காதோரத்திலிருந்து போட்டேன். பந்து அவள் தலைக்கு மேல் போய் உள்ளே இறங்கியது. அவள் திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் இருந்த ஆச்சரியம் எனக்கு மிகவும் பிடித்தது. மறுபடி போட்டேன். அதுவும் விழுந்தது. நாலாவது பந்துக்குப் பிறகு "மாத்தா!" என்ற கூச்சல் மறுபடி எழுந்தது, ஆனால் இப்போது அதில் கேலி இல்லை. பந்து என் கைக்கு வந்தாலே கூட்டம் எழுந்து நின்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம். கடைசிப் பந்தை நான்தான் போட்டேன். அது வளையத்தின் விளிம்பில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது, ஊதல் ஊதிவிட்டார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். தோற்றும் போனோம், கேலிக்கும் ஆளானோம். அப்பாவிடம் இனி கேட்பதற்கு என்ன இருக்கிறது? அழக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். துண்டுக்குள் அழுதால் தெரியாது.

"ஏய் மாத்தா! இங்க வா!"

துண்டை எடுத்துப் பார்த்தேன். ஆடுகளத்தின் கம்பித் தடுப்பருகே அந்தப் பருமனான சீன முதலாளி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அப்பா. இருவரும் ஏதோ தகராறில் இருப்பது தெரிந்தது. பயந்துகொண்டே போனேன்.

முதலாளி மலாயில் கேட்டார். "இந்த ஆளை உனக்குத் தெரியுமா? ஆரம்பத்துல உன்னைப் பாத்து எல்லாரும் சிரிச்சப்ப, உன் பொண்ணான்னு இவரைக் கேட்டேன். இல்லவே இல்ல, பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னாரு. இப்ப என்னடான்னா, என் பொண்ணு, என் பொண்ணுங்கறாரு. அடுத்த சனிக்கிழமையும் ஆடும், வந்து பாருங்கறாரு. நீ பந்து போடறதப் பாத்ததும் சொந்தம் கொண்டாடறாரு. இப்படிச் சொல்லலாம்னா நான்கூடத்தான் உன் அப்பா!"

அடுத்த சனிக்கிழமை என்ற சொல் என் நெஞ்சில் துள்ளியது. பக்கத்து வீட்டுப் பெண் என்ற சொல் அதே இடத்தில் குத்தியது. எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தேன்.

"சொன்னது நெசந்தான்," என்றார் அப்பா தமிழில், என் முகத்தைப் பார்க்காமல். "எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அந்த நேரத்துல வாயில அதான் வந்துச்சு. தப்புதான். இப்ப உண்மையச் சொன்னா இந்த ஆளு நம்ப மாட்டேங்கறாரு. நீ ஒரு தடவை அப்பான்னு கூப்பிடும்மா."

எனக்கு வந்த கோபத்தில், இவரை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவர் குரல் காதில் விழுந்தது. அது அப்பாவின் குரலே இல்லை. தேய்ந்து, உடைந்து, பாதி காற்றாக வந்தது.

"உங்க தொண்டைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அப்பா தொண்டையைத் தொட்டுக்கொண்டதைப் பார்த்து முதலாளிதான் தன் காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "என் காதுல கத்திக் கத்தியே தொண்டை போச்சு. ரெண்டாம் பாதியில மனுஷன் ஒரு தடவைகூட உட்காரல."

"அப்பா," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

முதலாளி காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். நான் மூச்சை இழுத்து, அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி, "அப்பா!" என்று கத்தினேன். அணிப் பெண்கள் திரும்பினார்கள், ஆசிரியை திரும்பினார், எதிரணியின் நெட்டைப் பெண்ணும் திரும்பினாள்.

அப்பா குடையைக் கம்பியில் மாட்டிவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். அந்த உடைந்த குரலில் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார்.

"இங்கதாம்மா இருக்கேன்!"